காசு கேக்காத சந்தேகம்

ஏல பேராண்டி, அந்தப் பொட்டிய மொறச்சது போதும். மொறச்சாப் பயந்துபோயி கார்டைக் காட்டிக் குடுத்துருமா? வா, இங்ஙன உக்காரு. கையில வச்சிருக்கிற புது மதர்போர்டு டப்பாவ ஓரமா வையி. பிரிக்காத. அதுக்கு அப்புறமா வருவோம்.

எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்யா. கோவில்பட்டிப் பக்கம் கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டிக்கிட்டுக் கெடந்த கெழவன். ஒங்கப்பன் தயவுல பெங்களூர் மல்லேஸ்வரத்துக்கு வந்து, காலையில சாங்கி ஏரியச் சுத்திட்டு, மார்கோசா ரோட்டுல காப்பி குடிச்சிட்டுப் பொழுத ஓட்டுதேன். நீ அப்படியா? நாலு வருஷம் பீஸ் கட்டிப் படிச்ச என்ஜினீயரு. அதனாலதான் வாயப் பொத்திக்கிட்டு ஓரமா உக்காந்து நீ செய்யுத வைத்தியத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. டி.வி. சீரியல் பாக்கவே எனக்கு நேரமில்லாமப் போச்சுன்னாப் பாத்துக்கோயேன்.

எஸ்.பி. ரோட்டுல செகண்ட் ஹேண்டு கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கியாந்த. மாட்டுன. சுவிட்சப் போட்டா கார்டு ஃபேன் சுத்துது, செகப்பும் ஊதாவுமா லைட்டு எரியுது. ஆனா விண்டோஸுக்குள்ள போயி டிவைஸ் மேனேஜரத் தொறந்தா இன்டெல் பேரு மட்டுந்தான் இருக்கு, பிராசசரோட கூடப் பொறந்த கிராபிக்ஸு. காசு குடுத்து வாங்கியாந்த கார்டு பேரக் காணோம். பயாஸுக்குள்ள போனா அந்த ஸ்லாட்டே காலின்னு எழுதியிருக்கு.

ஒடனே என்ன செஞ்ச? கடைக்காரருக்குப் போனப் போட்டு வஞ்ச. மைனிங்ல ஓடித் தேஞ்ச கார்டைத் தலையில கட்டிட்டீங்கன்னு குதிச்ச. 2022 செப்டம்பர்ல எத்தீரியம்காரங்க மொறைய மாத்தவும், அதுவரைக்கும் ராப்பகலாக் காசு தோண்டிக்கிட்டிருந்த கார்டுகளெல்லாம் செகண்ட் ஹேண்டு மார்க்கெட்டுல வந்து குமிஞ்சது நெசந்தான். செல கார்டுக்குள்ள இருக்கிற பயாஸையே மாத்தி எழுதி வச்சிருந்தாங்கங்கிறதும் நெசந்தான். அதுக்காக ஒன் கைக்கு வந்ததும் அதேதான்னு எப்படிச் சொன்ன? ஒரு மொழி விசாரிச்சியா? அந்த மனுசன் கன்னடத்துல பொறுமையா என்னமோ கேக்க வந்தாரு, நீ இங்கிலீசுல அவர் வாய அடச்ச.

அடுத்து விண்டோஸ அழிச்சிட்டுப் புதுசாப் போட்ட. ஒங்கக்கா வளைகாப்புப் போட்டோவெல்லாம் அதோட போச்சு. அந்தப் பஞ்சாயத்து தனியா வரும், அதுல நான் ஒனக்கு சாட்சி சொல்ல மாட்டேன். பெறகு டிரைவரத் தொடச்சி எடுக்கிற மருந்து ஒண்ணு எறக்கித் தொடச்ச. பெறகு மதர்போர்டு பயாஸப் புதுசாக்குன. அது ஓடும்போது பாதியில கரண்டு போனா போர்டே போனாலும் போயிரும்னு தெரிஞ்சே செஞ்ச. ஒண்ணும் நடக்கல. கடைசியா மதர்போர்டு செத்துப்போச்சின்னு தீர்ப்பு எழுதி, புது போர்டையும் வாங்கியாந்து நிக்க.

ஒன் சந்தேகம் ஒவ்வொண்ணும் மொதச் சந்தேகத்த விட வெல கூடுனது. கவனிச்சியா? ஒன் வயசுப் பயலுக பூராப் பேரும் இப்படித்தான் செய்யுதீங்க. மதர்போர்டு போச்சின்னு சொன்னா ஆபீஸ்ல நாலு பேரு "ஐயோ பாவம்"பான். கார்டைச் சரியா மாட்டலன்னு சொன்னா சிரிப்பான். சிரிப்புக்குப் பயந்து பதினஞ்சாயிரத்துக்குப் போர்டு வாங்குத ஆளு நீ. நாங்க பட்டறையில வேற மாதிரி. காசு கேக்காத சந்தேகம் எதுவோ அதத்தான் மொதல்லப் படணும். அது தீந்த பெறகு அஞ்சு ரூவாச் சந்தேகம். பதினஞ்சாயிரம் ரூவாச் சந்தேகத்துக்கு வரும்போது பாதி நாள் பொழுது விடிஞ்சிரும், பாதி நாள் மோட்டார் ஓடிரும்.

சரி, இந்தப் பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு நீ எனக்குச் சொன்னதையே ஒனக்குத் திருப்பிச் சொல்லுதேன். மறந்திருப்ப. நம்ம மல்லேஸ்வரத்தப் பாரு. 1898-ல பிளேக் வந்து பழைய பேட்டைக்குள்ள ஜனம் செத்து விழவும், காத்தோட்டமா இருக்கட்டும்னு ஊருக்கு வெளிய அளந்து போட்ட வீதிக. மெயின் ஒரு பக்கமாப் போகுது, கிராஸ் குறுக்க போகுது, எல்லாத்துக்கும் நம்பரு. மதர்போர்டும் அப்படித்தான் நம்பர் போட்டு வச்சிருக்கு. சுவிட்சப் போட்ட ஒடனே கணக்கெடுக்கிறவரு கணக்கா ஒவ்வொரு வாசலாப் போயிக் கதவத் தட்டுது. "யாரு உள்ள?" இன்டெல்னா 8086-ன்னு குரல் வரும். 1978-ல விட்ட சிப்போட பேரையே வாசல் நம்பரா வச்சிருக்கான், பெரும பிடிச்சவன். என்விடியான்னா 10டிஇ. ஏ.எம்.டி. கிராபிக்ஸுன்னா 1002. யாரும் குரல் குடுக்கலன்னா வெறும் எஃப் எஃப் எஃப் எஃப்-னு எழுதிக்கிட்டு அடுத்த வாசலுக்குப் போயிரும். ஒங்கார்டு வாசல்ல நேத்தும் எஃப், இன்னைக்கும் எஃப்.

இந்தக் கணக்கெடுப்பு விண்டோஸ் முழிக்கிறதுக்கு முந்தியே முடிஞ்சிருது. பயாஸே ஆளில்லன்னு எழுதிட்ட பெறகு, நீ உள்ளுக்குள்ள விண்டோஸ எத்தன தரம் போட்டாலும் வாசல்ல நுழையாத விருந்தாளிக்குப் பாய் விரிச்ச கததான். பேரு தெரியாம 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு காட்டுச்சின்னா, இல்ல மஞ்சள் முக்கோணம் போட்டு 43-ன்னு ஒரு நம்பரச் சொல்லுச்சின்னா, அது வேற வியாதி. ஆளு உள்ள வந்தாச்சு, பேச்சுதான் சரியில்ல. அங்க டிரைவர் வைத்தியம் பாக்கலாம். ஒனக்கு ஆளே வரல. இது ரெண்டையும் மொதல்லயே பிரிச்சிருந்தா வளைகாப்புப் போட்டோ தப்பிச்சிருக்கும்.

"ஃபேன் சுத்துதே தாத்தா, அப்ப கார்டு நல்லாத்தானே இருக்கு, போர்டுதானே தப்பு"ன்னு கேட்ட. நல்ல கேள்வி. ஃபேன் சுத்துறது கரண்டு வந்ததுக்குச் சாட்சி. பேச்சுவார்த்த நடந்ததுக்குச் சாட்சி இல்ல. ஒங்கார்டு 170 வாட்டு இழுக்கும்னு டப்பாவுல போட்டிருக்கு. ஸ்லாட்டு குடுக்கிறது அதிகபட்சம் 75. மிச்சம் எஸ்.எம்.பி.எஸ்.லருந்து வர்ற அந்த எட்டு பின் ஒயர் வழியா வரணும். அது 150 வரைக்கும் தாங்கும். அந்த ஒயரு ஒண்ணு இருந்தாலே ஃபேன் சுத்தும், லைட்டு மின்னும். ஸ்லாட்டோட ஒரு வார்த்த பேசாமலே அலங்காரம் பண்ணிக்கிட்டு நிக்கும்.

ஒயரு சரியான ஒயருதானான்னு நான் எட்டிப் பாத்தேன், நீ பாக்கல. பிராசசருக்குப் போற எட்டு பின்னு நாலும் நாலுமாப் பிரியும். கார்டுக்குப் போறது ஆறும் ரெண்டுமாப் பிரியும். பாக்க ஒண்ணாப்பலதான் இருக்கும், உள்ள பிளஸ்ஸும் எர்த்தும் எதிரும் புதிருமா இருக்கும். ஒன்ன மாதிரி முரடன் ஒருத்தன் மாத்தித் திணிச்சா அன்னைக்கே தீபாவளி. இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.சோட கழட்டுற ஒயர இதுல கொண்டாந்து மாட்டுறதும் அதே வெனதான், எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பின்னு வரிச கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நல்ல வேள, ஒன்னது சரியான ஒயரு. இந்த எடத்துல மட்டும் ஒனக்கு மார்க்கு போடுதேன்.

மானிட்டர் கேபிளு போர்டுல சொருகியிருக்கு. கார்டு தெரியாத வரைக்கும் அது அங்ஙன இருக்கட்டும், அதனாலதான் ஒனக்குப் படமாச்சும் தெரியுது. மாடி வீட்டுப் பய கதையக் கேட்டியா? அவன் கார்டு தங்கமா வேல செஞ்சிருக்கு. கேபிள மட்டும் போர்டுலயே வச்சிக்கிட்டு, கேமு திக்கித் திணறுதேன்னு வருஷக் கணக்கா கார்டு கம்பெனிய ஏசிக்கிட்டு இருந்திருக்கான். அவன் டீம் லீடராம்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வா. டார்ச்ச எடு. பொட்டியப் படுக்கப் போடு. ஸ்லாட்டுக்கு நேரா இல்ல, பக்கவாட்டுல குனிஞ்சி பாரு. வால் பக்கம் கிளிப்பு விழுந்திருக்கா? விழுந்திருக்கு. "டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு தாத்தா"ன்னு அன்னைக்கே பெருமையாச் சொன்ன. இப்ப தலப் பக்கம் பாரு, பொட்டியோட பின் தகடு ஓரமா. என்ன தெரியுது? ஸ்லாட்டுக்கு மேல மெல்லிசா, நகக்கண் அகலத்துக்கு, தங்கக் கலருல ஒரு கோடு மின்னுதா? வால் பக்கம் அந்தக் கோடு இருக்கா? இல்ல. அதாவது வால் பக்கம் உக்காந்திருக்கு, தலப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது.

அந்தத் தலப் பக்கத்துலதான்யா உயிரே இருக்கு. ஸ்லாட்டுக்குள்ள ஒரு திட்டு இருக்குல்லா, அதுக்கு முன்னால பக்கத்துக்கு 11 காலு. போர்டு குடுக்கிற கரண்டும், எந்திரின்னு எழுப்புற ரீசெட் கம்பியும் அங்ஙன. திட்டத் தாண்டுன ஒடனே கடிகாரத் துடிப்பு, பக்கத்துலயே சேதி போற மொத லேனு. மிச்ச லேனெல்லாம் வால் வரைக்கும் நீண்டு கெடக்கு. ரெண்டு பக்கமும் சேத்து மொத்தம் 164 காலு. வால் பக்கம் கொஞ்சம் தூக்குனா பல நேரம் பதினாறு லேனுக்குப் பதிலா எட்டோ நாலோ வச்சி ஒப்பேத்திரும். தலப் பக்கம் தூக்குனா பேச்சே கெடையாது. போதாக்கொறைக்கு, "நான் வந்துட்டேன்"னு சொல்லத் தலையில ஒரு காலும் வால்ல ஒரு காலும் தனியா இருக்கு. அது மத்தக் காலுகள விடக் கொஞ்சம் குட்ட. முழுசா எறங்குனாத்தான் தொடணும்னு வேணுமின்னே அப்படி வச்சிருக்கான். கிளிப்பு இருக்கிறது வால் பக்கம் மட்டும். நீ கேட்ட டிக்குச் சத்தம் பாதிக் கார்டோட சத்தம்.

ஏன் தூக்குது? அந்த வெள்ளித் தகடு, பிராக்கெட்டு, அதோட அடியில நாக்கு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. அது பொட்டித் தகட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல எறங்கணும். ஒன்னது எறங்காமத் தகட்டு மேலயே முட்டிக்கிட்டு நிக்குது. அதனாலதான் மேல ஸ்க்ரூ ஓட்ட ஒண்ணோட ஒண்ணு சேரல. அன்னைக்கு நீ என்ன செஞ்ச? ரெண்டு தரம் திருகிப் பாத்த, சேரலன்னதும் "கிளிப்பு போதும்"னு ஸ்க்ரூவ மேசையிலயே விட்டுட்ட. ஸ்க்ரூ ஒன்னப் பாத்துக் கத்தியிருக்கு, நீதான் காதுல ஹெட்போன் மாட்டியிருந்த. அந்த ஸ்க்ரூ எங்கன்னு தேடாத. இந்தா, வெத்தலப் பெட்டிக்குள்ள இருக்கு. மொத நாள் ராத்திரியே எடுத்து வச்சேன்.

ஏன் அன்னைக்கே சொல்லலன்னா கேக்க? நீ கேக்கல, நான் சொல்லல. அதோட, பி.இ. படிச்சவன் எத்தன படி ஏறிச் சுத்திட்டு வாசலுக்கு வருவான்னு எனக்கும் தெரிஞ்சிக்கிடணும்லா. பெரியவுக பேச்ச பாதியில மறிக்காத.

இங்ஙன நாலு மொழி கன்னடம் கத்துக்கிட்டதுல ஒனக்குப் பிடிச்சது "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". பஸ்ஸுல சொன்னா அர சீட்டு கெடைக்கும். ஸ்லாட்டுக்கிட்ட சொன்னாக் கெடைக்காது. நீ வஞ்ச அந்தக் கடைக்காரர் போன்ல கேக்க வந்தது என்ன தெரியுமா? "சரியாகி கூத்கொண்டிதியா?" சரியா உக்காந்திருக்கான்னுதான் கேட்டாரு. ஒரு பைசாச் செலவில்லாத கேள்வி.

இருக்கிற பொருளு தெரியாமப் போறது இந்த மல்லேஸ்வரத்துக்கும் புதுசில்ல. காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதுத்தாப்புல நந்தி தீர்த்தம் இருக்குல்லா, நந்தி வாயிலருந்து தண்ணி வந்து லிங்கத்து மேல விழுமே. தெற்கு பாத்த நந்தி. தொண்ணூறுகளோட கடைசி வரைக்கும் அது மண்ணுக்குள்ள மூடிக் கெடந்துச்சு, மேல மனுசன் நடமாடிக்கிட்டு இருந்தான். தோண்டுனப்பந்தான் கொளமும் நந்தியும் தெரிஞ்சது.

எந்திரி. பொட்டிய ஆஃப் பண்ணு. பிளக்கப் புடுங்கு. புடுங்குன பெறகு பவர் பட்டன ஒரு தரம் அமுக்கு, உள்ள தங்குன கரண்டு எறங்கட்டும். இந்த மாசி, பங்குனிக் காத்து வறண்ட காத்து, சட்டையில தேச்சாலே பொறி பறக்கும். பெயிண்டு இல்லாத இரும்ப ஒரு தரம் தொட்டுட்டு உள்ள கைய வையி. எட்டு பின்னக் கழட்டு, ஒயரப் பிடிச்சி இழுக்காத, மண்டையப் பிடி. கிளிப்ப ஸ்கேலு நுனியால விடுவி. கார்ட நேரா மேல தூக்கு, ஆட்டாத.

இப்ப போர்டு ஸ்க்ரூ எல்லாத்தையும் அர சுத்து தளத்து. போர்டப் பின் தகட்டுப் பக்கமா லேசா நகத்தி, சந்து நேருக்கு வருதான்னு பாத்துத் திரும்ப முறுக்கு. வருதா? வரும். வராட்டி நாக்க ஒரு நூல் அளவு பிளையர்ல வளைக்கலாம். இப்ப கார்ட எறக்கு. நாக்கு சந்துல போகுதான்னு மொதல்லப் பாரு, பெறகு ரெண்டு கட்டவெரலையும் தலைக்கு ஒண்ணு வாலுக்கு ஒண்ணா வச்சி ஒரே சமமா அமுக்கு. பாத்தியா, ஸ்க்ரூ ஓட்ட தானா வந்து நேரா நிக்குது. ஸ்க்ரூவப் போட்டு முறுக்கும்போது கார்டு தூக்குச்சின்னா இன்னும் உக்காரலன்னு அர்த்தம். தூக்கல. எட்டு பின்ன மாட்டு. பிளக்கப் போடு.

அது எந்திரிக்கிறதுக்குள்ள, இதுக்கும் மசியலன்னா என்ன செய்யணும்னு கேட்டுக்கோ, அடுத்த வருஷம் ஒனக்கு ஒதவும். கார்டுக் காலுல அழுக்கிருந்தா பென்சில் ரப்பரால தேச்சித் தொட, உப்புத்தாள எடுத்த கைய ஒடிப்பேன். அடுத்த ஸ்லாட்டுல போட்டுப் பாரு, அங்க தெரிஞ்சா கார்டு நல்லது. மாடி வீட்டுப் பய பொட்டியில போட்டுப் பாரு, அவன் சும்மாத்தான் இருக்கான். சி.ஆர். 2032 பேட்டரியக் கழட்டி மாட்டுனா பயாஸ் செட்டிங்கு பழைய நெலைக்கு வரும். கார்ட ஒயரு வச்சி நிமித்தி நிறுத்தியிருந்தா அந்த ஒயரயும் சந்தேகப்படு, பயாஸ்ல வேகத்த ஒரு தலமொற கொறச்சிப் பாரு. எல்லாம் பாத்தும் ஆகலன்னா பிராசசரத் தூக்கி சாக்கெட்டப் பாரு. ஒங்கிட்ட இருக்கிறது 1700 பின்னு சாக்கெட்டு. மொத ஸ்லாட்டோட பதினாறு லேனும் நேரா பிராசசருக்குப் போகுது, பின்னு ஒண்ணு மடங்குனாலும் ஸ்லாட்டு ஊமையாப் போகலாம். மதர்போர்டு செத்துப்போச்சிங்கிறதெல்லாம் இத்தனைக்கும் அப்புறந்தான்.

பக்கத்துல டாடா இன்ஸ்டிடியூட்ல, நீங்கல்லாம் ஐ.ஐ.எஸ்ஸி.ங்கிறீங்களே, 2022-ல பரம் பிரவேகான்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்ப் பொட்டி வச்சான். 3.3 பெட்டாஃப்ளாப்பாம், அதுல என்விடியா கார்டுக வரிசையா நிக்குதாம். அங்க யாரும் ஸ்க்ரூவ மேசையில விட்டுட்டுப் போயிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கேன். ஒன்ன அங்க வேலைக்கு எடுக்காதது நாட்டுக்கு நல்லது.

என்னல கத்துத? வந்துருச்சா? 10டிஇ. ஆங், அதே பேருதான். டிரைவர இப்பப் போடு, அதுக்கு இப்பத்தான் முறை. கேபிள போர்டுலருந்து எடுத்து கார்டுல சொருகு. ஜி.பி.யூ.-இசட் எறக்கி பதினாறு லேனும் வந்திருக்கான்னு பாரு. சும்மா இருக்கும்போது வேகம் 1.1-ன்னு காட்டும், அதுக்கு ஒரு கடைக்காரருக்குப் போனப் போட்றாத. வேல குடுத்தா தானா ஏறும்.

சரி, அந்தப் புது போர்டு டப்பாவ எடு. சீல் ஒடையலல்ல? பில்லு எங்க? சட்டப் பையிலயே இருக்கா, தப்பிச்ச. சட்டயப் போட்டுக்கிட்டுக் கெளம்பு, ஒங்கப்பன் ஆபீஸ் விட்டு வர்றதுக்குள்ள எஸ்.பி. ரோட்டுக்குப் போயி திருப்பிக் குடுத்துட்டு வந்துரலாம். அங்க நான் பேசிக்கிடுதேன், நீ வாயத் தொறக்காத. அப்படியே கார்டு கடைக்காரரையும் எட்டிப் பாத்து ஒரு வணக்கம் போடு. வர்ற வழியில சி.டி.ஆர். ஓட்டல்ல எனக்கு ஒரு பென்னெ தோச, ஒரு காப்பி. காசு ஒன்னோடது.